முதல் நகர்த்தல் ஏ6: செயின்ட் ஜார்ஜ் தற்காப்பு ஓர் எளிய அறிமுகம்

சதுரங்க ஆட்டத்தில் வெள்ளை ஆடுபவர் ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி இ4-இல் வைக்கிறார். கறுப்பு என்ன செய்யும்? பெரும்பாலும் இ5 வரும். இல்லையென்றால் சி5 (சிசிலியன்), இ6 (பிரெஞ்சு), சி6 (காரோ-கான்) ஆகியவற்றில் ஒன்று வரும். இந்த நான்கும் ஏதோ ஒரு வகையில் பலகையின் நடுப்பகுதியைப் பற்றிப் பேசுகின்றன. ஆனால் சிலர் இவை எதையும் ஆடாமல், ராணிப் பக்கத்தின் கடைசி ஓரத்தில் நிற்கும் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தி ஏ6 என்பார்கள். அடுத்த நகர்த்தலில் அதன் பக்கத்துச் சிப்பாய் இரண்டு கட்டம் பாய்ந்து பி5-க்கு வரும். இதுதான் செயின்ட் ஜார்ஜ் தற்காப்பு.

புதியவர்களுக்கு ஒரு குறிப்பு. பலகையின் நெடுவரிசைகளுக்கு ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று பெயர். வெள்ளையின் பக்கமிருந்து குறுக்கு வரிசைகளை 1 முதல் 8 வரை எண்ணுவோம். ஏ, பி, சி, டி ராணிப் பக்கம். மற்ற நான்கும் ராஜா பக்கம். இ4, டி4, இ5, டி5 ஆகிய நான்கு கட்டங்கள்தான் நடுப்பகுதி. நகர்த்தல் எண்ணுக்குப் பின் முதலில் வருவது வெள்ளையின் நகர்த்தல், அடுத்தது கறுப்பினுடையது; 1... என்று மூன்று புள்ளி இருந்தால் அது கறுப்பின் நகர்த்தல் மட்டும். இதைத் தெரிந்துகொண்டு, முடிந்தால் ஒரு பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படித்தால் மீதி எல்லாம் எளிதாகப் புரியும்.

நடுப்பகுதியை விட்டுவிட்டு ஓரத்துக்கு ஏன் போக வேண்டும்?

ஆட்டம் கற்கத் தொடங்கும் எல்லோருக்கும் முதலில் சொல்லப்படுவது நடுவைப் பிடி, குதிரைகளையும் மந்திரிகளையும் வெளியே கொண்டு வா, சீக்கிரம் கோட்டை கட்டு (ராஜாவை இரண்டு கட்டம் ஓரமாக நகர்த்தி யானையை அதன் மறுபக்கம் வைப்பது) என்பதுதான். நல்ல அறிவுரை. நடுவில் நிற்கும் காய்க்கு எந்தப் பக்கமும் போக வழி இருக்கும். ஓரத்தில் நிற்பதற்கு அது கிடையாது. அப்படிப் பார்த்தால் ஏ6 ஒரு வீண் நகர்த்தல். எந்தக் காய்க்கும் அது வழி திறக்கவில்லை, நடுவில் ஒரு கட்டத்தைக்கூட அது தாக்கவில்லை.

ஆனால் நடுப்பகுதியைக் கட்டுப்படுத்த இரண்டு வழிகள் உண்டு. அங்கே சிப்பாய்களை நிறுத்தி இடத்தைப் பிடிப்பது ஒன்று. எதிராளியை அங்கே நிறுத்த விட்டு, தூரத்திலிருந்து அந்தச் சிப்பாய்களைக் குறிவைப்பது இன்னொன்று. செயின்ட் ஜார்ஜ் இரண்டாவது வழியைச் சேர்ந்தது. பி சிப்பாய் பி5-க்குப் போனதும் அது நின்ற பி7 கட்டம் காலியாகிறது. மந்திரி அங்கே வந்து உட்கார்ந்தால், பி7-இலிருந்து சி6, டி5, இ4 என்று நீளும் மூலைவிட்டம் முழுவதும் அதன் பார்வையில் இருக்கும். அந்தப் பார்வை நேராக வெள்ளையின் இ4 சிப்பாயில் போய் நிற்கிறது. ஆக, ஓரத்தில் நடக்கும் இந்த வேலையெல்லாம் நடுவுக்காகத்தான்.

சரி, நேரடியாக 1... பி5 ஆடினால் என்ன? இ4 ஆடியதால் வெள்ளையின் எஃப்1 மந்திரிக்கு வழி திறந்துவிட்டது. அது ஒரே பாய்ச்சலில் பி5 சிப்பாயை வெட்டிவிடும். அதனால்தான் முதலில் ஏ6. மந்திரி இப்போது பி5-ஐ வெட்டினால் ஏ சிப்பாய் திருப்பி வெட்டும், வெள்ளை ஒரு மந்திரியை ஒரு சிப்பாய்க்கு இழக்கும்.

இதற்கு நெருங்கிய உறவு ஒன்று உண்டு: 1... பி6 என்று ஆடும் ஓவன் தற்காப்பு. அதிலும் மந்திரி பி7-க்குத்தான் வருகிறது, அதுவும் ஒரு நகர்த்தல் மிச்சமாக. அப்படியிருக்க ஏ6, பி5 என்று இரண்டு நகர்த்தல் ஏன்? பி5-இல் நிற்கும் சிப்பாய் சும்மா நிற்பதில்லை. அது சி4 கட்டத்தைக் காவல் காக்கிறது. வெள்ளையின் குதிரை சி3-க்கு வந்தால் பி4 என்று முன்னேறி அதை விரட்டும். சி3 குதிரைதான் வழக்கமாக இ4-ஐக் காப்பாற்றும் காய் என்பதை நினைவில் வையுங்கள். காவலாளியை விரட்டினால் இ4 தானாகவே தள்ளாடும். இந்த ஒரு எண்ணம் பிடிபட்டால் இந்தத் தற்காப்பில் பாதி புரிந்த மாதிரி.

அடிப்படை அமைப்பு

1. இ4 ஏ6 2. டி4 பி5 3. குதிரை எஃப்3, மந்திரி பி7 4. மந்திரி டி3. இதுவரை வெள்ளை இயல்பாக ஆடியிருக்கிறது: இரண்டு சிப்பாய்கள் நடுவில், குதிரை வெளியே, இ4-க்கு மந்திரியின் காவல். கறுப்பு இதற்கு மேல் செய்ய வேண்டியவை மூன்று: இ6, குதிரை எஃப்6, அப்புறம் சி5.

தொடங்குபவர்கள் குதிரைக்கு முன் இ6-ஐ ஆடிவிடுவது பாதுகாப்பு என்பது என் கருத்து. குதிரை எஃப்6-க்கு வந்ததும் வெள்ளை இ5 என்று தள்ளி அதை விரட்டும். அப்போது குதிரை டி5-க்குப் போக வேண்டியிருக்கும். இ6-இல் சிப்பாய் இருந்தால் அங்கே குதிரைக்கு உறுதியான ஆதரவு கிடைக்கும். பி7 மந்திரியும் பின்னாலிருந்து தாங்கும்.

மூன்றில் மிக முக்கியமானது சி5. இதை மறந்துவிட்டு ஆடுபவர்கள்தான் இந்தத் தற்காப்பு மோசம் என்று சொல்வார்கள். டி4, இ4 இரண்டிலும் வெள்ளைச் சிப்பாய்கள் நிம்மதியாக நின்றால், கறுப்புக்கு மூச்சுவிட இடமிருக்காது. சி5 அந்த ஜோடியை உடைக்கிறது. வெள்ளை டி4-ஆல் சி5-ஐ வெட்டினால், கறுப்பின் எஃப்8 மந்திரி திருப்பி வெட்டி நல்ல இடத்துக்கு வந்துவிடும். வெள்ளையின் நடுச் சிப்பாய் ஒன்று போயிருக்கும், பதிலுக்குக் கறுப்பின் பக்கச் சிப்பாய் ஒன்று போயிருக்கும். கறுப்புக்கு அது லாபமான பண்டமாற்று.

ராஜா எங்கே போக வேண்டும் என்பதில் குழப்பமே வேண்டாம். ராணிப் பக்கச் சிப்பாய்கள் முன்னே போய்விட்டன, அங்கே மறைவு இல்லை. கோட்டை எப்போதும் ராஜா பக்கம்தான்.

உலக சாம்பியனுக்கு எதிராக

இந்தத் தற்காப்பைப் பற்றிப் பேசும் எவரும் ஒரு ஆட்டத்தைத் தவிர்க்க முடியாது. 1980-இல் ஸ்வீடனின் ஸ்காரா நகரில் ஐரோப்பிய அணி சாம்பியன்ஷிப் நடந்தது. சோவியத் அணியின் முதல் பலகையில் அனடோலி கார்போவ்; 1975 முதல் உலக சாம்பியனாக இருந்தவர். எதிரே இங்கிலாந்தின் டோனி மைல்ஸ். கார்போவ் இ4 ஆடினார், மைல்ஸ் ஏ6 ஆடினார். ஒரு உலக சாம்பியனுக்கு இப்படி ஒரு பதிலா என்று அரங்கில் சிரிப்பு எழுந்ததாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு நடந்ததைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம்.

1. இ4 ஏ6 2. டி4 பி5 3. குதிரை எஃப்3, மந்திரி பி7 4. மந்திரி டி3, குதிரை எஃப்6 5. ராணி இ2, இ6 6. ஏ4. மைல்ஸ் குதிரையை முதலில் கொண்டுவந்தார். இ4-ஐக் குதிரையும் மந்திரியும் சேர்ந்து தாக்கின, கார்போவ் ராணியால் காத்தார். அப்புறம் ஏ4 என்று பி5 சிப்பாயைத் தொட்டார். இந்த இடத்தில் புதியவர் பதறி உடனே பி4 என்று தள்ளுவார், அல்லது ஏ4-ஐ வெட்டிவிடுவார். மைல்ஸ் ஆடியது 6... சி5.

பி5 ஆபத்தில் இருக்கும்போது அதை அப்படியே விட்டுவிட்டு நடுவைத் தாக்குகிறாரே, வெள்ளை பி5-ஐ வெட்டினால்? பலகையில் வைத்துப் பாருங்கள். ஏ சிப்பாய்கள் பி5-இல் மாறும், ஏ8-இல் யானைகள் மாறும், கறுப்பு மந்திரி ஏ8-இல் போய் நிற்கும். அடுத்து வெள்ளையின் டி3 மந்திரி பி5-ஐ வெட்டும். ஆனால் அந்த மந்திரிதான் இ4-க்குக் காவல். அது நகர்ந்த கணமே கறுப்புக் குதிரை இ4-ஐ வெட்டிவிடும். ஏ8 மந்திரி பின்னாலிருந்து தாங்குவதால் ராணியால் அந்தக் குதிரையைத் தொட முடியாது. வெள்ளைக்கு ஒரு பக்கச் சிப்பாய், கறுப்புக்கு ஒரு நடுச் சிப்பாய்.

கார்போவ் அந்த வழியில் போகவில்லை. 7. டி4-ஆல் சி5-ஐ வெட்டினார், மைல்ஸ் மந்திரியால் திருப்பி வெட்டினார். 8. பி1 குதிரை டி2, பி4 9. இ5, குதிரை டி5. இங்கேதான் பி4 சிப்பாயின் அருமை தெரிகிறது. டி5-இல் வந்து நிற்கும் குதிரையை விரட்ட வெள்ளைக்கு இருக்கும் இயல்பான கருவி சி4. ஆனால் சி2-இலிருந்து இரண்டு கட்டம் தாண்டி சி4 வந்தால், பி4 சிப்பாய் ஆன் பாசான் விதிப்படி (இரண்டு கட்டம் தாண்டிய சிப்பாயை, ஒரு கட்டமே வந்ததுபோல் உடனடி அடுத்த நகர்த்தலில் வெட்டும் விதி) அதைச் சி3-இல் வெட்டிவிடும். கார்போவ் 13-ஆவது நகர்த்தலில் சி4 ஆடவே செய்தார். மைல்ஸ் அப்படியே வெட்டினார். பிறகு சி3-இல் குதிரைகள் மாறின, அடுத்து மைல்ஸின் இன்னொரு குதிரை பி4-க்குப் போய் வெள்ளையின் கறுப்புக்கட்ட மந்திரியோடு மாறிக்கொண்டது. கறுப்பிடம் இரண்டு மந்திரிகள் மிச்சம். வெள்ளையிடம் ஒரு மந்திரியும் ஒரு குதிரையும்.

கார்போவ் ராஜா பக்கம் தாக்க முயன்றார். மைல்ஸ் 18-ஆவது நகர்த்தலில்தான் கோட்டை கட்டினார், உடனே குதிரை ஜி5-க்கு வந்து எச்7-ஐக் குறிவைத்தது. எச்6, மந்திரி எச்7 செக், ராஜா எச்8, மந்திரி பி1 வரை பின்வாங்கல். மந்திரிக்கு முன்னால் ராணியை நிறுத்தி எச்7-இல் செக்மேட் செய்வது திட்டம். மைல்ஸ் பயப்படவில்லை. யானைகளை சி1-இல் மாற்றிக்கொண்டு 24... ராணியால் பி2-ஐ வெட்டினார். அந்த ராணி சி1 யானையையும் தாக்குகிறது. கார்போவ் யானையை நகர்த்த, அடுத்த நகர்த்தலில் ராணி இ5 சிப்பாயையும் எடுத்துக்கொண்டது. குதிரையை விரட்டப் பெருமிதமாக முன்னேறிய அதே சிப்பாய். கார்போவ் பதிலுக்கு டி7-ஐ வெட்டினார். கணக்குப் பார்த்தால் கறுப்பு ஒரு சிப்பாய் அதிகம். 28-ஆவது நகர்த்தலில் ராணிகள் மாறின, இரண்டு மந்திரிகளோடு மைல்ஸ் பொறுமையாக இறுக்கிக்கொண்டே போனார், 46-ஆவது நகர்த்தலுக்குப் பிறகு கார்போவ் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

இந்த வெற்றியை வைத்து ஏ6 மற்ற பதில்களுக்குச் சமம் என்று சொல்ல மாட்டேன். மைல்ஸ் வென்றது முதல் நகர்த்தலால் அல்ல. அதற்குப் பின் வந்த சி5, பி4, டி5 குதிரை ஆகியவற்றின் ஒருங்கிணைப்பால். இன்றைய கணினி நிரல்களும் இந்தத் தொடக்கத்தில் வெள்ளைக்குத்தான் சாதகம் காட்டும். ஆனால் உலக சாம்பியன்கூடப் புத்தக அறிவைப் பயன்படுத்த முடியாமல் இரண்டாவது நகர்த்தலிலிருந்தே சொந்தமாக யோசிக்க வேண்டியிருந்தது. அது சின்ன விஷயம் அல்ல.

இந்த வழி மைல்ஸ் கண்டுபிடித்ததும் அல்ல. 1868-இல் வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ், பிற்காலத்தில் முதல் அதிகாரப்பூர்வ உலக சாம்பியனானவர், ஒரே நேரத்தில் பலரோடு ஆடியபோது பேக்கர் என்பவர் ஏ6 ஆடி அவரை வென்றார். அதனால் பேக்கர் தற்காப்பு என்ற பெயரும் உண்டு. இருபதாம் நூற்றாண்டில் இதை விடாப்பிடியாக ஆடி, ஆராய்ந்து, பரப்பியவர் இங்கிலாந்தின் மைக்கேல் பாஸ்மன். ஓவன் தற்காப்புக்கும் ஒரு பெரிய வெற்றி உண்டு: 1858-இல் லண்டனில், அந்தக் காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரரான பால் மார்ஃபியை ஜான் ஓவன் 1... பி6 ஆடியே ஒரு ஆட்டத்தில் தோற்கடித்தார்.

வெள்ளை எங்கே வலிக்கச் செய்யும்?

முதல் ஆயுதம் ஏ4. பி5-ஐ முன்னே அனுப்பிய கணத்திலிருந்து அது ஒரு இலக்கு. வெள்ளை மூன்றாவது நகர்த்தலிலேயே ஏ4 ஆடினால் 3... மந்திரி பி7 ஆடலாம். தொடர்ச்சி சுவாரசியமானது: சிப்பாய்கள் பி5-இல் மாறி, யானைகள் ஏ8-இல் மாறி, வெள்ளை மந்திரி பி5-ஐ வெட்ட, ஏ8-இலிருந்து கறுப்பு மந்திரி நீண்ட மூலைவிட்டத்தில் பாய்ந்து இ4-ஐ வெட்டும். சிப்பாய்க் கணக்கு சமம், கூடவே அந்த மந்திரி ஜி2-ஐயும் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் வெள்ளையின் காய்கள் வேகமாக வெளியே வரும், சீக்கிரம் கோட்டையும் கட்டிவிடும். அதனால் கறுப்பு இ6, குதிரை எஃப்6, மந்திரி இ7 என்று தாமதிக்காமல் வர வேண்டும். ஏ4-ஐ பி சிப்பாயால் வெட்டிவிடுவதை மட்டும் தவிர்க்கப் பாருங்கள். ஏ6-இல் ஒரு சிப்பாய் துணையில்லாமல் அநாதையாக மிஞ்சும், பி5-இல் கிடைத்த இடமும் கைவிட்டுப் போகும்.

இரண்டாவது ஆயுதம் 3. சி4. மூன்று சிப்பாய்கள் வரிசையாக வந்து நிற்பதைப் பார்த்தால் பயமாக இருக்கும். பி5-ஆல் சி4-ஐ வெட்டினால், வெள்ளை மந்திரி திருப்பி வெட்டிக்கொண்டே வெளியே வந்துவிடும். நல்ல பதில் 3... இ6. வெள்ளை பி5-ஐ வெட்ட, ஏ6 வெட்ட, மந்திரி பி5-ஐ வெட்டுகிறது. கறுப்பு ஒரு சிப்பாயை இழந்துவிட்டது. ஆனால் 5... மந்திரி பி7 வந்ததும் இ4 தாக்குதலில் இருக்கிறது. 6. குதிரை சி3 என்று காத்தால் 6... மந்திரி பி4: குதிரை இப்போது ராஜாவுக்கு முன்னால் கட்டிப்போடப்பட்டுவிட்டது. இ4 மறுபடியும் ஆபத்தில். கறுப்பு போதுமான விளையாட்டைப் பெறும். வெள்ளை இரண்டாவது நகர்த்தலிலேயே சி4 ஆடினால் பி5 கனவை விட்டுவிடுங்கள். சி5 அல்லது இ6 ஆடி வேறொரு ஆட்டமாக நடத்துவதே புத்திசாலித்தனம். 1... இ6 2. டி4 ஏ6 என்று வரிசை மாற்றி ஆடுபவர்களும் உண்டு. பிரெஞ்சு ஆட்டத்துக்குத் தயாரான எதிராளியை அது திசை திருப்பும்.

மூன்றாவது, மெதுவான ஆயுதம்: சி3 ஆடி டி4-ஐ உறுதிப்படுத்தி, கோட்டை கட்டி, எல்லாக் காய்களையும் பின்னால் அடுக்கிக்கொண்டு காத்திருப்பது. ஆட்டத்தைப் பொறுமையாக நடத்தும் எதிராளிகள் இதைத்தான் செய்வார்கள். இதற்குக் கறுப்பிடம் உள்ள ஒரே பதில் முன்பே சொன்ன சி5, அதுவும் தாமதிக்காமல்.

ஒரு பொறியைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பி7 மந்திரி வைத்து ஆடும் எல்லோருக்கும் இந்த ஆசை வரும். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த இத்தாலியர் ஜோக்கினோ கிரெக்கோ விட்டுச்சென்றது. 1. இ4 பி6 2. டி4 மந்திரி பி7 3. மந்திரி டி3 எஃப்5. இ4-ஐ உடைத்துவிடலாம், ஜி2-ஐ எடுக்கலாம் என்ற ஆசை. 4. இ4-ஆல் எஃப்5-ஐ வெட்ட, மந்திரி ஜி2-ஐ வெட்டுகிறது. எச்1 யானை போகப் போகிறது. ஆனால் 5. ராணி எச்5 செக், ஜி6 6. எஃப்5 சிப்பாய் ஜி6-ஐ வெட்ட, கறுப்பு 6... குதிரை எஃப்6 என்று ராணியைத் தாக்குகிறது. வெள்ளை ராணியைக் கண்டுகொள்வதே இல்லை: 7. சிப்பாய் எச்7-ஐ வெட்டி செக். குதிரை ராணியை வெட்டுகிறது. 8. மந்திரி ஜி6, செக்மேட். எஃப்7, ஜி6, எச்7 என்று ராஜா பக்கக் கதவுகள் எல்லாம் திறந்து கிடந்தன. பி7 மந்திரிக்கு இ4-ஐத் தாக்க உதவியாக எஃப்5 தள்ள வேண்டும் என்று தோன்றும்போதெல்லாம் எச்5-இல் வரக்கூடிய அந்த ராணியை முதலில் பாருங்கள்.

யார் ஆடலாம்?

ஆட்டத்தை நேற்றுதான் கற்றவருக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதலில் 1... இ5 ஆடி, நடுப்பகுதி என்றால் என்ன, அங்கே சிப்பாய்கள் மோதுவது எப்படி என்று கைப்பழக்கமாக வர வேண்டும். அது வந்த பிறகு செயின்ட் ஜார்ஜ் ஆடினால் உங்கள் பார்வையே விரியும். ஒரு சிப்பாயைத் தாக்குவது, அதன் காவலாளியை விரட்டுவது, பக்கச் சிப்பாயைக் கொடுத்து நடுச் சிப்பாயை வாங்குவது எல்லாம் இதில் திரும்பத் திரும்ப வரும். வேக ஆட்டங்களில் இன்னும் நன்றாக எடுபடும்; எதிராளி தன் கடிகாரத்தை இரண்டாவது நகர்த்தலிலேயே செலவழிக்கத் தொடங்கிவிடுவார்.

பயிற்சிக்கு நான் சொல்லும் வழி எளிது. மேலே உள்ள கார்போவ்–மைல்ஸ் ஆட்டத்தின் முதல் பத்து நகர்த்தல்களைப் பலகையில் வைத்து, ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பின்னும் இ4-ஐ யார் தாக்குகிறார்கள், யார் காக்கிறார்கள் என்று எண்ணுங்கள். கறுப்பின் ஒவ்வொரு நகர்த்தலும் ஏன் அந்த இடத்தில் வந்தது என்பது அந்த எண்ணிக்கையிலேயே தெரிந்துவிடும்.

வெள்ளை 1. டி4 ஆடினாலும் இதே எண்ணத்தைப் பயன்படுத்தலாம், அதுவும் ஏ6 இல்லாமலே. இ2 சிப்பாய் இன்னும் அசையாததால் எஃப்1 மந்திரிக்கு வழியில்லை, பி5-ஐ வெட்ட முடியாது. ஆகவே 1... பி5 நேராகவே ஆடலாம். இதற்குப் போலிஷ் தற்காப்பு என்று பெயர். 2. இ4 வந்தால் 2... மந்திரி பி7. வெள்ளை மந்திரி பி5-ஐ வெட்டினால், கறுப்பு மந்திரி இ4-ஐ வெட்டும். அந்தப் பரிமாற்றம் பிடிக்கவில்லை என்றால் 2... ஏ6 ஆடலாம். அப்போது பலகையில் இருப்பது செயின்ட் ஜார்ஜின் இரண்டாவது நகர்த்தல் நிலையேதான்.